மாப்பிள்ளையின் தொட்டிக்கு ஆள் எடுத்த விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமனாரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமா, மலைக்குள் நீங்கள் குடையும் சுரங்கப்பாதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்பதையெல்லாம் அறிய ஆவல். உங்கள் முகாமில் தொலைபேசி எடுக்காது என்பதாலும், வாரம் ஒருமுறை வரும் உங்கள் கம்பெனி வண்டியில் கடிதம் மட்டுமே வந்து சேரும் என்பதாலும், இந்த ஐந்து வாரங்களில் உங்கள் கடல்நீர் மீன் தொட்டியில் நடந்ததை ஒன்றுவிடாமல் இதிலேயே எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். இரண்டு மீன்களும் நன்றாக இருக்கின்றன. மற்றவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மற்றவர்களா, நான் கிளம்பும்போது இரண்டு மீன்கள்தானே இருந்தன என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொறுமையாகப் படியுங்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் எதைத் தொட்டாலும் “நீங்க சிரமப்படாதீங்க அத்தை” என்று வாங்கி வைத்துவிடுவீர்கள். ஒரு டம்ளரைக் கூடக் கழுவ விட்டதில்லை. அப்படிப்பட்டவர் கிளம்பும் அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, “அத்தை, இந்தத் தொட்டியை நீங்கதான் பார்த்துக்கணும், வேற யாரையும் நம்ப முடியாது” என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்வேன். செய்தும்விட்டேன்.

நீங்கள் போன மூன்றாம் நாள் வரை எல்லாம் சரியாக இருந்தது. நாலாம் நாள் காலையில் மணலின் மேல் காப்பித்தூள் சிந்தினாற்போல ஒரு பழுப்பு. ஆறாம் நாள் பாறைகளில் ஏறிவிட்டது. எட்டாம் நாள் கண்ணாடியில் மீன் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. நீங்கள் கொடுத்த காந்தத் துடைப்பானால் தேய்த்தேன். காலையில் தேய்த்தால் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே பழுப்பு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை, நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் துப்புரவுக் கண்காணிப்பாளராக இருந்தவள். என் கீழ் நாற்பத்திரண்டு பேர். அறுவை அரங்கிலிருந்து சமையற்கூடத்துச் சாக்கடை வரை நான் பார்க்காத அழுக்கு இல்லை. தேய்த்தால் போகாத அழுக்குக்கு ஆள் போட வேண்டும், அதுவும் முறைவைத்துப் போட வேண்டும். அது பாசிதான், அதைத் தின்கிற பிராணிகள் கடையில் விற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உங்கள் மாமனார்தான் வாசலில் குறுக்கே நின்றார். ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர், எழுதி ஒட்டியிருப்பதை மீறிப் பழக்கமில்லை.

“இங்க பாரு, ஃப்ரிட்ஜ்ல மாப்பிள்ளை ஒட்டிட்டுப் போனதுல ஏழாம் நம்பர் என்ன சொல்லுது? தொட்டியில எதையும் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லுது.”

“எதையும்னா மீனைச் சொல்றாரு. வேலையாளுங்களைச் சொல்லல.”

“எதையும்னா எதையும்தான்.”

“நீங்க செருப்பைப் போடுங்க, நேரமாகுது,” என்றேன். போட்டுக்கொண்டார்.

நீங்கள் தொட்டி வாங்கிய அதே கடைக்குத்தான் போனோம். ஒல்லியாக, எப்போதும் தூங்கி எழுந்தவர் போல ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டுவிட்டு, “புதுத் தொட்டின்னா அப்படித்தாம்மா இருக்கும். ஒரு மாசம் பொறுங்க, தானா போயிடும்” என்றார். வியாபாரம் செய்ய விருப்பமே இல்லாத கடைக்காரரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“தம்பி, தானா போகும்னு சொன்ன எந்த அழுக்கும் என் சர்வீஸ்ல தானா போனதில்ல. ஆளுங்களைக் காட்டுங்க.”

ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். இவருக்கு என்ன வேலை தெரியும், எத்தனை மணிக்கு வருவார், மற்றவர்களோடு ஒத்துப்போவாரா, கவிழ்ந்தால் தானாக எழுந்திருப்பாரா. கூம்பு மாதிரி இருக்கும் நத்தை கண்ணாடியும் பாறையும் பார்க்குமாம், விழுந்தாலும் தானே திரும்பிக்கொள்ளுமாம். நல்ல ஆள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் சின்ன நத்தை பாசியைத் தொடாதாம், மீன் மிச்சம் வைத்த தீனியைத்தான் தின்னுமாம். அதுவும் வேண்டும்தானே, சாப்பாட்டு அறைக்குத் தனி ஆள் போடுவதில்லையா? எலுமிச்சம்பழம் அளவு பெரிய நத்தை ஒன்று அசுரவேகத்தில் தின்றுகொண்டிருந்தது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பல்லால் பாறையைச் சுரண்டும் ஒரு மீனைக் கேட்டபோது மட்டும் அவர் குரலை உயர்த்தி, “அது பழைய தொட்டிக்குத்தான், புதுசுல பட்டினியா கிடந்து செத்துடும்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாருங்கள், சொன்னால் கேட்கிறவள்தான் நான்.

“மொத்தம் நாலு நத்தை போதும்மா,” என்றார்.

“நாலு பேரை வச்சுக்கிட்டு நான் ஒரு வார்டைக் கூடப் பார்த்ததில்ல. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா? ஒருத்தர் லீவுல போனா?”

“நத்தை எங்கம்மா லீவுல போகும்?”

இந்த மாதிரி அலட்சியத்தால்தான் பல நிர்வாகங்கள் கெட்டன. கூம்பு நத்தை ஆறு, மணல் நத்தை நாலு, பெரிய நத்தை இரண்டு, சங்கைச் சுமந்து திரியும் சன்னியாசி நண்டு ஒன்று, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக ஒரு பிராணி, ஆகப் பதினான்கு பேரை எடுத்தேன். கடைக்காரர் பையைக் கட்டிக்கொண்டே உங்கள் மாமனாரைப் பார்த்தார். உங்கள் மாமனார் கூரையைப் பார்த்தார்.

வந்தவுடன் உள்ளே போடக்கூடாது, தண்ணீரின் உப்பு மாறினால் தாங்காது, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சொட்டு ஏற்றுவது எனக்குப் புதிதா? மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, வாளியில் விட்டு, உங்கள் மாமனாரை முக்காலியில் உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை, “யாருக்காவது மயக்கமா இருக்குமோ?” என்று கேட்டார். அவருக்கும் பாசம் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

வேலை அமோகமாக ஆரம்பித்தது. நாலே நாளில் கண்ணாடி தெளிந்துவிட்டது. சில சில்லறைச் சங்கடங்கள் ஏற்பட்டன, மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து நீங்கள் கல்மேல் கல்லாக ஒரு வளைவு கட்டினீர்களே, அதன் உச்சியைத் துப்புரவு செய்யப் பெரிய நத்தைகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறின. வளைவு இப்போது மேசை போல் இருக்கிறது. மீன்களுக்கு நடமாட வசதியாகத்தான் தெரிகிறது. மணல் நத்தைகள் உள்ளே இறங்கியதோடு சரி, மூன்று நாள் ஆளையே காணோம். வேலையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நாலாம் நாள் உங்கள் மாமனார் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டதுதான் தாமதம், மணலைப் பிளந்துகொண்டு நாலும் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயைத் தூக்கியபடி எழுந்தன. அவர் தீனி டப்பாவையே கீழே போட்டுவிட்டார். சாப்பாட்டு மணிக்கு மட்டும் தலைகாட்டும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஆச்சரியமே இல்லை.

சன்னியாசி நண்டு விஷயத்தில்தான் நான் ஏமாந்துபோனேன். அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியவில்லை. சொந்தச் சங்கு இருக்க, கூம்பு நத்தை ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு, அதன் ஓட்டுக்குள் குடிபோய்விட்டது. கடைக்குப் போய்ச் சொன்னேன். “காலிச் சங்கு நாலைஞ்சு போட்டு வைக்கணும்மா, இல்லன்னா அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும்,” என்றார். என் மகள் குளியலறைக் கதவில் மாட்டியிருந்த சங்குத் தோரணத்தைப் பிரித்து, சாயம் பூசாததாகப் பார்த்து ஐந்தை அலசிப் போட்டேன். அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நண்டு ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்தது, திருப்பிப் பார்த்தது, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டு, பறித்த வீட்டுக்கே திரும்பிவிட்டது. அதற்கு நான் எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்திருப்பேன், படிக்கத் தெரியாது.

முள்ளுருண்டை நல்ல உழைப்பாளி, ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு நடக்கிற சுபாவம். உங்கள் வெப்பமானி கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்ததும் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. நீங்கள் தினமும் எழுதச் சொன்ன வெப்பநிலைப் பதிவில் மூன்று நாள் காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் மாமனாரின் அலட்சியம் அல்ல. அவர் டார்ச் விளக்கோடு தரையில் படுத்து அது வெளியே வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தார்.

ஒன்றை மட்டும் மனசுவிட்டுச் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பெரிய நத்தை ஒன்று பாறையிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தது. அந்த ஜாதி தானாகத் திரும்பாது. விடிந்ததிலிருந்து காலை நீட்டி நீட்டிப் பார்த்தது, எதுவும் பிடி கிடைக்கவில்லை. உங்கள் இரண்டாம் நம்பர், தொட்டிக்குள் கை விடக்கூடாது என்கிறது. உங்கள் மாமனார் அந்தத் தாளையும் நத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “மாப்பிள்ளை இருந்தா தூக்கி விட்டிருப்பாரு,” என்றார். சோப்புப் போடாமல் மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, நான் தூக்கி நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் சுருண்டே கிடந்தது. அப்புறம் ஒரு கொம்பு வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வேலை ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று ஒரு குறை எனக்குள் இருந்தது மாப்பிள்ளை. அன்றைக்கு இல்லை.

இப்போது தொட்டியை நீங்கள் பார்க்க வேண்டுமே! பாறையில் பொட்டு அழுக்கில்லை, மணல் சலித்துக் கொட்டியது போல இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டம்மா வந்து, “ஐயோ, தொட்டியில தண்ணியே இல்லையே, மீன் அந்தரத்துல நிக்குதே!” என்று அலறிவிட்டார். இதைவிட ஒரு கண்காணிப்பாளருக்கு என்ன பட்டம் வேண்டும்? ஆகவே தொட்டியைப் பற்றி உங்களுக்கு எள்ளளவும் கவலை வேண்டாம்.

நீங்கள் இரண்டு பக்கமிருந்தும் குடைகிற சுரங்கம் நடுவில் நேர்க்கோட்டில் சந்திக்கட்டும், நீங்களும் என் மகளும் தூசி தும்பு ஒட்டாமல் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். அவளைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு தூங்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமியார்

பின்குறிப்பு: போன வாரம் இந்த உறையை ஒட்டும் நேரத்தில் கடைக்காரர் வந்தார், அந்தக் களேபரத்தில் கம்பெனி வண்டியை விட்டுவிட்டேன். என் வேலையைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். ஐந்து நிமிஷம் தொட்டியை உற்றுப் பார்த்தார், கொட்டாவி கூட விடவில்லை. “அம்மா, இதுல சாப்பிட ஒண்ணுமே இல்லையே. எல்லாரும் பட்டினி,” என்றார். எட்டுப் பேரை அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த நண்டைத்தான் முதலில் அனுப்பினேன். மிச்சம் ஐந்து பேருக்குக் காய்ந்த கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போடுகிறோம். அது பிடிக்காதவர்களுக்காக மொட்டை மாடியில் நாலு பேசினில் உப்புத் தண்ணீரும் கல்லும் வைத்து, வெயிலில் பாசி வளர்க்கிறோம். உங்கள் மாமனார் அரை மணிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறார். இன்று காலையில்தான் ஒரு கல்லில் லேசாகப் பழுப்புத் தட்டியிருக்கிறது. நீங்கள் வரும்போது வீட்டில் எங்கேயாவது அழுக்காக ஏதாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள் மாப்பிள்ளை. ரொம்பக் கஷ்டப்பட்டு வளர்த்தது.