கீரையால் வரும் நெஞ்சுவலி

இருதய நோய்க்கான காரணங்களைக் கண்டறியும் உயரிய நோக்கில், நீண்டகால மக்கள் ஆய்வுப் பணியகம் என்றோர் அலுவலகம் குருநகர்க் கடற்கரைக் குடும்பங்களைப் பல வருடங்களாகக் கண்காணித்து வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில். வாகனம் அப்போதுதான் கிடைக்கும்.

மார்ச் என்றால் தவக்காலம், ஈஸ்ரர் பெருநாளுக்கு முந்திய நோன்பு நாட்கள். ஆண்கள் சாராயத்தையும் சுருட்டையும் விட்டு, இறைச்சியைத் தொடாமல், முருங்கையிலையும் கஞ்சியுமாகச் சிலுவைப்பாதைச் செபத்துக்கு நடப்பார்கள். ஈஸ்ரர் அன்று பன்றிக்கறியோடு எல்லாம் திரும்பி வரும். பின்னாலேயே நெஞ்சுவலியும் வரும்.

அறிக்கை வெளியானது. இருதய நோயின் பிரதான அபாயக் காரணிகள்: முருங்கையிலை, கஞ்சி, நடை, செபம். ஆலோசனை: இவற்றைத் தவிர்க்கவும்.

அந்த ஊர்ப் பெண் யோசப்பின் தலையிலடித்துக்கொண்டார். அவருடைய கணவர் கனிசியஸ், போன சித்திரையில் நெஞ்சுவலி வந்த பிறகு, சுருட்டை அடியோடு விடுவதாகப் பாதி ஒப்புக்கொண்டிருந்தார். அறிக்கை வந்ததும் அந்தப் பாதியையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆய்வு உத்தியோகத்தர் டினேசிடம் யோசப்பின் போனார்.

“தம்பி, தவக்காலத்திலை வந்து பாத்தால் கீரைதானே தெரியும்? ஈஸ்ரருக்குப் பிறகு ஒருக்கா வாங்கோவன்.”

“அப்ப வாகனம் இல்லை அக்கா.”

“சைக்கிளிலை வாங்கோ.”

“சைக்கிளுக்கு டீசல் கணக்கு எழுதேலாது.”

“இவருக்கு நெஞ்சு நொந்தது சித்திரையிலை எல்லோ?”

“ஓம். பங்குனியிலை திண்ட கீரை சித்திரையிலைதான் வேலை காட்டும்.”

ஆண்டவர் இரங்கினார். அடுத்த வருடம் வாகனம் பழுதாகி, ஈஸ்ரருக்கு மறுநாள்தான் ஓடியது. டினேஸ் இறங்கிப் பார்த்தார். வீட்டுக்கு வீடு பன்றிக்கறி, சாராயம், புகை. கனிசியஸ் கதிரையை விட்டு அசையவேயில்லை. இனியாவது உண்மை விளங்கும் என்று யோசப்பினுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

டினேசுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்கடை ஆலோசனையை ஒரு ஊர் இப்பிடிக் கடைப்பிடிச்சதை நான் கண்டதேயில்லை!”

கனிசியசுக்கு ‘முன்மாதிரி இருதயம்’ என்று சான்றிதழ் கிடைத்தது. அவர் அதைச் சுவரில் மாட்டி, அதன் கீழேயே இருந்து சுருட்டுப் பற்றவைத்தார்.

அடுத்த கிழமை நெஞ்சு மறுபடி நொந்தது. நல்லகாலம், பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி அயலெல்லாம் கூடி நிற்க, டினேஸ் கவலையோடு யோசப்பினைக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. ஒளிச்சுக் கீரை ஏதும் குடுத்தனீங்களோ?”

வெள்ளிக்கிழமைச் சொதியில் ஒரு பிடி முருங்கையிலை போட்டது யோசப்பினுக்கு நினைவு வந்தது. அவர் தலை தானாகக் குனிந்தது. அயல் முழுதும் அவரையே பார்த்தது.

கட்டிலில் கிடந்த கனிசியஸ் மெல்லக் கேட்டார்.

“உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?”