ஞாயிறன்றே முடிந்துவிட்ட வாரம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. மூன்றாவதாக உருப்படியாக ஏதாவது கண்டுபிடித்தது என்றால், ஆசிரியர்களுக்காகச் சொந்தப் பெயர் போட்டு அச்சடித்துத் தரப்படும் பிளானர்தான். இதை மறுப்பவர்கள் ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சரின் பிளானரைக் கண்ணால் பார்த்திராத துரதிர்ஷ்டசாலிகள்.

கெட்டி அட்டை. அதில் டீச்சரின் பெயர் தங்க எழுத்தில், பட்டங்கள் வெள்ளி எழுத்தில், பள்ளியின் பெயர் மிச்சமிருந்த இடத்தில் சாதாரண மையில். உள்ளே நாளுக்கு நாள், பாடவேளை வாரியாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் 'முடிந்ததா?' என்று ஒரு குட்டிச் சதுரம், 'எப்படி நடந்தது?' என்று ஒரு வரி. நிறங்களிலும் ஒழுங்கு உண்டு. பாடத்துக்கு நீலம், தேர்வுக்குப் பச்சை, மகளுக்கு ரோஜா நிறம். பிறர் தவறுகளைத் திருத்த மட்டும் சிவப்பு. வீட்டுக்காரருக்குச் சாம்பல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. புகாருக்கான கட்டம் மாதக் கடைசியில்தான் வரும்.

பிளானர் வருவதற்கு முன்பிருந்ததை வரலாற்று ஆசிரியர்கள் 'இருண்ட காலம்' என்பார்கள். விடைத்தாள்கள் சமையலறை இழுப்பறையில் கிடந்தன. கேஸ் பில் வருகைப் பதிவேட்டுக்குள் ஒளிந்திருந்தது. பெற்றோர் கூட்டம் என்று நினைத்து ஒரு விடுமுறை நாளில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டையும் காவலாளியையும் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. ஆனாலும் அந்தக் காலத்தில் டீச்சர் பாடம் நடத்தினால் பின் பெஞ்சு வரைக்கும் விழித்திருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இருண்ட காலத்தில் இதுபோலச் சில குறைகள் இருக்கத்தான் செய்யும்.

பிளானர் வந்தது. எல்லாம் ஒழுங்கானது. ஒரே ஒரு சங்கடம்: நல்ல பிளானர் சும்மா இருக்காது, தீனி கேட்கும். ஒரு வகுப்பு முடிந்ததும் சதுரத்தில் டிக் போட்டு, வரியை எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி நிமிர்வதற்குள் அடுத்த வகுப்பில் பாதி போய்விடும். அந்தப் பாதியில் என்ன நடந்தது என்று எழுத வேறு வேண்டும்.

மேதைகள் இப்படிப்பட்ட இக்கட்டில்தான் பிறக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சாவகாசமாக உட்கார்ந்து, வரப்போகும் வாரம் முழுவதையும் நிரப்பினார். திட்டத்தை மட்டுமல்ல, அது எப்படி நடந்தது என்பதையும். டிக்கும் போட்டார். வாரம் பிறப்பதற்கு முன்பே வாரம் முடிந்துவிட்டது. மனசு பஞ்சு போல லேசானது.

இதில் குற்றம் காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடந்ததை எழுத யாருக்குத்தான் தெரியாது? நடந்ததைப் பார்த்து எழுதுகிறார்கள். பார்த்து எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். டீச்சர் காப்பியடிக்கும் ரகமல்ல. அவர் சொந்தமாக எழுதினார்.

முறை முதலில் சோதிக்கப்பட்டது மின்சுற்றுப் பாடத்தில். 'பல்பு எரிந்தது. மாணவர்கள் கைதட்டினர். அனைவரும் நன்கு புரிந்துகொண்டனர்' என்று பிளானரில் பதிவாகியிருந்தது. மேசை மேல் கம்பி, பேட்டரி, பல்பு. டீச்சர் இணைத்தார். பல்பு எரியவில்லை. பேட்டரி பழசு. பல்பைத் திருகினார், கம்பியைச் சுரண்டினார், எதற்கும் அது மசியவில்லை. டீச்சர் பிளானரைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார்.

"கைதட்டுங்க" என்றார்.

கைதட்டினார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்று, "டீச்சர், எனக்குப் புரியல" என்றாள். டீச்சர் கோபப்படவில்லை. பிளானரை அவள் பக்கமாகத் திருப்பி, அந்த வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தனக்குப் புரிந்துவிட்ட செய்தியைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை ஒருநாள் பிளானரைப் புரட்டினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, டிக் இல்லாத சதுரம் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை வரை டிக் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. கவனித்திருந்தாலும் வியந்திருக்க மாட்டார். ஏனென்றால் அவர் உடனே கூட்டிய ஆசிரியர் கூட்டத்தின் தீர்மானம், கூட்டத்துக்கு முன்பே 'ஏகமனதாக' என்று தட்டச்சாகி வந்திருந்தது. இனி எல்லோருக்கும் பிளானர். வியாழக்கிழமை மாலை அறிவியல் டீச்சர் மற்றவர்களுக்குப் பயிற்சி தருவார்.

"வியாழன் சாயங்காலம் உங்களுக்கு வேற வேலை எதுவும் இல்லையே டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

டீச்சர் வியாழனைத் திறந்தார். மாலையில் ரோஜா நிறத்தில் ஒரு கட்டம், பக்கத்தில் நட்சத்திர ஸ்டிக்கர். சதுரத்தில் அழகான டிக். டிக் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

"ஒண்ணும் இல்ல மேடம். ஃப்ரீதான்."

அந்த ரோஜா நிறக் கட்டம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகள் படிப்பது வேறு பள்ளி. அங்கே பேச்சுப் போட்டி. அவள் மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள், குளியலறையிலும் பழகினாள். அம்மா ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டே ஒரு காதால் கேட்டார். "முன் வரிசையில உட்காரும்மா. உன்னைப் பார்த்துக்கிட்டே பேசினா எனக்குப் பயம் வராது" என்று அவள் கேட்டுக்கொண்டபோது, கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்போதே பதிவும் செய்தார். 'போனேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். அருமையாகப் பேசினாள். கண் கலங்கினேன்.'

வியாழக்கிழமை பயிற்சி சிறப்பாக நடந்தது. எப்படி என்றால், ஏற்கெனவே எழுதியிருந்தபடி.

டீச்சர் பயிற்சியில் கொடுத்த பூங்கொத்தும் கையுமாக வீட்டுக்கு வந்தபோது, மகள் சாப்பாட்டு மேசையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூகூடக் கழற்றவில்லை. எதிரே வீட்டுக்காரர் ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மகளின் தலையைத் தடவி, "எவ்வளவு அருமையாப் பேசினே" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு முன் வரிசை நாற்காலிகூட நினைவில் இருந்தது.

"நீ வந்தியாம்மா?"

"முன் வரிசையில இருந்தேனே."

"அப்ப நான் என்ன பேசினேன், சொல்லு."

டீச்சர் கைப்பைக்குள் கையை விட்டு பிளானரை எடுத்தார். வியாழன். 'அருமையாகப் பேசினாள்' என்று இருந்தது. அதற்கு மேல் விவரம் இல்லை.

மகள் ஷூவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "பாதியில மறந்து போச்சு. முன் வரிசையில உன்னைத் தேடினேன். தேடிக்கிட்டே நின்னுட்டேன். மேடையில இருந்த மிஸ்ஸே இறங்கிடும்மான்னு சொல்லிட்டாங்க."

டீச்சர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். நீங்களாவது போயிருக்கக் கூடாதா என்று கேட்டார். அவர் அரை நாள் லீவு சொல்லத்தான் இருந்தாராம். காலையில் மேசை மேல் திறந்திருந்த பிளானரை எட்டிப் பார்த்தாராம்.

"நீ போயிட்டு வந்து அழுததா போட்டிருந்தது. சரி, போட்டி முடிஞ்சிடுச்சு போலன்னு ஆபீசுக்குப் போயிட்டேன்" என்றார். ஒரு டிக்கை நம்பி, பெற்ற பிள்ளையை மேடையில் தனியாக நிற்க வைத்த வகையில், அந்தக் குடும்பத்தில் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

டீச்சர் வருந்தினார். இது கேலிக்குச் சொல்வதல்ல, உண்மையாகவே வருந்தினார். அந்தப் பிள்ளை மேடையில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடியதை நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும், உடனே செய்தாக வேண்டும் என்று தவித்தார். தவிப்பு வந்தால் கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? ரோஜா நிறப் பேனாவை எடுத்தார். வியாழனின் கடைசிக் கட்டத்தில் எழுதினார், டிக் போட்டார், ஒரு குட்டி இதய ஸ்டிக்கரையும் ஒட்டினார். பிளானரை மகள் பக்கமாகத் திருப்பினார்.

'மகளிடம் மனம் விட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளும் மன்னித்துவிட்டாள்.'

மகள் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"இது எப்பம்மா நடந்தது?"

டீச்சர் வியாழன் பக்கத்தை மேலிருந்து கீழாகத் தேடினார். பதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. மகள் காத்திருந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த டிக்கை, விடைத்தாளில் அம்மா அடிப்பது போலவே, குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். 'எப்படி நடந்தது?' என்ற வரியில், டீச்சர் பெற்ற பிள்ளையல்லவா, கையெழுத்து முத்து முத்தாக வந்தது:

'இனிமேல் பார்த்து எழுதவும்.'