எல்லோருக்கும் பொதுவான பௌர்ணமி

பள்ளிகொண்டா,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மேன்மை பொருந்திய மச்சான் காசிநாதன் அவர்கள் சமூகத்துக்கு, கோதண்டபாணி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லம்மாளும் சௌக்கியம். விரிஞ்சிபுரத்தில் தாங்களும் தங்கச்சியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். சௌக்கியம் என்றது உடம்பை மட்டும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு ரிடையர் ஆன ஆபித் பாஷா, ஜான்சன், நான் மூவரும் பாலாற்றங்கரையில் சேர்ந்து வீடு கட்டியது தாங்கள் அறிந்ததே. வீடு தனித்தனி, சமையலறையும் மொட்டைமாடியும் பொது. பௌர்ணமிதோறும் மூன்று குடும்பமும் மாடியில் கூடுவது, யார் மனசும் நோகாமல் அதை நடத்துவது என் பொறுப்பு என்று ஏற்பாடு. நான்தான் செக்கிங்லயே தலை நரைச்சவனாச்சே. தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் சாக்பீஸ் கோடு போட்டு ஷூவை ஒதுக்கிடுவோம். இங்கயும் அதே கணக்குதான். செல்லம்மா குத்துவிளக்கு வைக்கணும்னா, பாய்க்கு சங்கடமா இருக்குமேன்னு ரிஜெக்ட். ஜான்சன் பாடறேன்னாரு, அது ஜெபப் பாட்டாயிட்டா? ரிஜெக்ட். பாய் பிரியாணி ஆக்கறேன்னாரு, செல்லம்மா கவுச்சி தொடமாட்டாளே. சரி வடையாவது சுடலாம்னா, அது படையல் மாதிரி ஆயிடும். எந்தத் திசையைப் பார்த்து உட்கார்றதுன்னு பேஜார் வேணாம், எல்லாரும் கண்ணை மூடிக்குங்கன்னு சொல்லிட்டேன். மிச்சம் நிலா ஒண்ணுதான். அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல.

மச்சான், அந்த சுகத்தை இன்னான்னு சொல்றது! நிலா தென்னைக்கு மேல ஏறுது, மூடின கண்ணுக்குள்ளயே வெளிச்சம் வருது, ஜமக்காளத்துல இருக்கேனா ஆத்துமேல மெதக்கறேனான்னு தெரியல. பாலாத்துல தண்ணியே இல்ல, ஆனா எனக்கு சலசலன்னு கேக்குது. கனவுல வடை வாசனை வேற. கண்ணைத் தொறந்தா சுத்தி ஒருத்தரும் இல்ல. என் நிஷ்டை கலையக்கூடாதுன்னு சத்தமில்லாம எறங்கிப் போயிருக்காங்க. எப்பேர்ப்பட்ட தோஸ்துங்க பாருங்க.

செல்லம்மா மட்டும்தான் மாடி ஏறவே மாட்டேங்கறா. "விளக்கு வேணாம்னா நானும் வேணாம்னுதானே அர்த்தம்?" அப்படின்னுட்டா. எல்லாரையும் சேத்துக்கணும்னு பாடுபட்டு பொண்டாட்டியை ஒதுக்கிட்டேனே மச்சான், பௌர்ணமின்னா அவ கீழ தனியா உக்காந்திருப்பாளே. நீங்க ஒரு நடை வந்து, அண்ணனா புத்தி சொல்லி மாடிக்கு அனுப்பணும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்க ஊர் மார்க்கபந்தீஸ்வரர் உங்களை பஸ் ஏத்தி விடட்டும்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: அண்ணா, நான் செல்லம்மா. கவர் ஒட்ட சோத்துப் பருக்கை கேட்டு என் கையிலயே குடுத்தாரு, படிச்சிட்டேன். விளக்கு வேணாம்னு பாய் ஒருநாளும் சொல்லல, இவர் யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. நான் கீழ தனியாவும் இல்ல. இவர் கண்ணை மூடின உடனே எல்லாரும் சமையக்கட்டுக்கு வந்துடறாங்க. நேத்து ஜான்சன் அண்ணன் விளக்குக்கு திரி போட்டாரு, பாய் வடை சுட்டாரு, அப்புறம் பாட்டு. இவருக்கு சலசலன்னு கேட்டது நாங்கதான். மாசாமாசம் இவருக்கும் ஒரு தட்டு வெச்சு மூடறேன். நான் கூப்பிட்டா ரோஷம் வந்துடும். நீ வந்து கையைப் புடிச்சுக் கீழ கூட்டிட்டு வா, பாவம், மாடியில இவர் ஒருத்தர்தான் இருக்காரு.