தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வழியாகப் பினாங்கு

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பெரிய பொய்யாகச் சொல்லக் கூடாது. நான் சொன்னேன்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலம் அது. என் மனைவி தனபாக்கியத்தின் அண்ணன் அங்கே இருந்தார். ஒரு மாதம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினார். நாங்கள் அதுவரை சும்மா எங்கேயும் போனதில்லை. போனால் சாவு, இல்லை கல்யாணம்.

இடைஞ்சல் நிலம்தான். ஆறு மா குத்தகை. உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஆட்சி மாறியிருந்தது. டீக்கடையில் கொடி மாறியிருந்தது. பண்ணைக் காரியஸ்தர் மாறவில்லை. மனு கொடுத்தவன் எவன் ஊரை விட்டு நகர்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்தால், நிலத்தை விட்டுவிட்டான் என்று சொல்லி ஏரை இறக்கிவிடுவார். என் மனு தாலுகா ஆபீசில் கிடந்தது.

அதனால் வயிற்றில் கட்டி, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று தெருவில் சொல்லிவைத்தேன். நோயில் படுத்தவனை நிலத்தை விட்டவன் என்று சொல்ல முடியாதே. (அன்றைக்கு இதை மூளை என்று நினைத்தேன்.) பக்கத்து வீட்டுக் கோவிந்தனுக்கு மட்டும் உண்மை தெரியும். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

தடுப்பூசி போட்டுக்கொண்டோம். டிரங்குப் பெட்டி வாங்கினோம். வாழ்க்கையில் முதல் பேண்ட் தைத்தேன், அதுவும் வெள்ளையில். கடல் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று முத்துப்பேட்டைக்குப் போய்ப் படகில் உட்கார்ந்து பழகினேன். கால் மணி நேரத்தில் வாந்தி.

“இன்னும் கட்டே அவுக்கலீங்க,” என்றார் படகுக்காரர்.

புறப்படும் முன் காரியஸ்தர் நலம் விசாரிக்க வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?”

“பெரிய கட்டிங்க,” என்றேன்.

நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தால் கப்பல் இரண்டு நாள் தாமதம். கெட்டது அதில்தான். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் படுத்தவனைப் போய்ப் பார்க்காவிட்டால் உறவே அறுந்துபோகும். எனக்கும் தெரியும். பொய் சொல்லும்போது மறந்துவிட்டது. தெருவே லாரி பிடித்து, ரொட்டியும் ஆரஞ்சுமாகத் தஞ்சாவூர் போயிருக்கிறது. எந்த வார்டிலும் நான் இல்லை. ஆபரேஷனில் போய்விட்டான் என்று யாரோ முடிவு செய்ய, பிணவறை வாசலில் அழுதுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

மறுநாள் சுங்க வரிசையில் நிற்கிறோம். கோவிந்தன் ஓடி வந்தான்.

“அண்ணே, நீங்க செத்துட்டீங்க. வயல்ல ஏர் எறங்கிடுச்சு.”

தனபாக்கியம் கப்பலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீங்க போயி உசுரோட இருக்கேன்னு காட்டுங்க. நான் அண்ணனப் பாத்துட்டு வந்துர்றேன்.”

பெட்டியோடு ஏறிவிட்டாள்.

அதே வெள்ளை பேண்டோடு வயல் சேற்றில் இறங்கினேன். உழுத ஆட்களில் ஒருவன் கலப்பையைப் போட்டுவிட்டு ஓடினான். காரியஸ்தர் வரப்பில் குடை பிடித்து நின்றார். என் பேண்டை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க. நடவ நான் பாத்துக்கிறேன்.”

ஏர் கரையேறியது. பாதி வயலை அவர் ஆட்களே உழுதிருந்தார்கள். அது லாபம். பிறகு பதிவேட்டில் என் பெயரும் ஏறியது. பினாங்குச் சங்கதி தெரிந்துபோன தெருதான் என்னை ஏற்கவில்லை. அழுதவர்களுக்கு, நான் செத்ததைவிடச் சாகாததில் வருத்தம். ஒரு மாதம் ஒருவரும் பேசவில்லை. நானே பொங்கி நானே தின்றேன். தனபாக்கியம் திரும்பி வந்தாள். கப்பலில் ஒரு தடவைகூட வாந்தி இல்லையாம்.

நான் கப்பல் ஏறவே இல்லை. அந்தக் கப்பலும் நின்றுபோனது.

போன வருடம் உண்மையிலேயே வயிற்றில் கட்டி. தஞ்சாவூரில் ஒன்பது நாள் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வீடு திரும்பிய அன்று எல்லாரும் வந்தார்கள். தையலைக் காட்டலாம் என்று சட்டையைத் தூக்கினேன். அதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார்.

“பினாங்குல இப்ப மழைங்களா?”