லிஃப்ட்காரர் தேர்ந்தெடுத்த ஆலோசகர்

கவுன்சிலிங்குக்குப் போவதென்றால் ஓர் ஆண் ஆலோசகரிடம்தான் போவது, இல்லாவிட்டால் போவதே இல்லை என்று லிஃப்ட்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே தீர்மானித்தார். பதினேழு வருட இல்லறத்தில் அவர் தனியாக எடுத்த தீர்மானங்கள் மொத்தம் மூன்று. மற்ற இரண்டும் அமலுக்கு வரவில்லை.

பேச்சை ஆரம்பித்தது அவர் மனைவி. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் பார்வையைச் சோதித்து, முகத்துக்கு ஏற்ற பிரேம் எடுத்துக் கொடுப்பாள்.

"என்னங்க, எனக்கு இப்பல்லாம் ரொம்பக் கோவம் வருது. ரெண்டு பேருமா கவுன்சிலிங் போவோமா?"

"தாராளமா." கோளாறு தன்னிடம் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டதில் லிஃப்ட்காரருக்குப் பரம திருப்தி.

"ஒரு அம்மா இருக்காங்களாம். எனக்குப் பொம்பளைதான் வேணும்."

"பொம்பளையா? அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி, நான் ஒண்டி. நான் போய் உக்காரதுக்குள்ள தீர்ப்பு எழுதிடுவீங்க."

"அது கோர்ட்டு இல்லீங்க."

"எதுவா இருந்தாலும் ஆம்பளைதான். ஆம்பளை கஷ்டம் ஆம்பளைக்குத்தான் புரியும்."

"முடியவே முடியாது."

"முடியும்."

"அப்போ நீங்களே போய்ப் பாத்து, நல்லாச் சோதிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம் நான் வரேன்."

இத்தனை சுலபமாக அவர் இதற்கு முன் ஜெயித்ததே கிடையாது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். மூன்று முகவரிகள். பெண்தான் வேண்டும் என்றவளிடம் மூன்று ஆண்களின் முகவரி எப்படித் தயாராக இருந்தது என்று கேட்க மனுஷனுக்குத் தோன்றவில்லை.

அவருக்கு வேறு கவலை இருந்தது. நாலு மாதத்துக்கு முன் அவர் பழுதுபார்க்கப் போன ஓர் அலுவலகக் கட்டடத்தில், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே ஒரு லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே அவர் மட்டும். விளக்கும் அணைந்துவிட்டது. ஒன்றேமுக்கால் மணி நேரம். அவசர போனில் கூட வேலை பார்ப்பவர் சொன்னார்: "பயப்படாதீங்கண்ணே, அஞ்சே நிமிஷம்." இருபது வருடமாக லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு லிஃப்ட்காரர் சொல்லிவந்த அதே வாசகம். அது பொய் என்பது அவருக்குத்தானே தெரியும்.

அன்றிலிருந்து அவர் லிஃப்ட்டில் ஏறவில்லை. எல்லா இடத்துக்கும் படிதான். உச்சியில் உள்ள இயந்திர அறைக்குப் படியேறிப் போய் நின்றுகொண்டு, லிஃப்ட்டில் ஏற வேண்டிய வேலையெல்லாம் கூட வேலை பார்ப்பவர் தலையில் கட்டினார். ஐந்தாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கும் படியேறி வந்து, "உடம்புக்கு நல்லது" என்றார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். அடுத்த மாதம் கழிந்து வரும் ஒன்றாம் தேதி வேறு பயமுறுத்திக்கொண்டிருந்தது. இருபத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொத்தப் பொறுப்பையும் கம்பெனி அன்று அவரிடம் கொடுக்கப்போகிறது. இருபத்தைந்து மாடியைத் தினமும் ஏறினால் முழங்கால் போகும். ஏறாவிட்டால் வேலை போகும். தன் பயத்தை யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததில் வீட்டில் பேச்சே செத்துப்போயிருந்தது.

ஆலோசகர்களைச் சோதிக்க லிஃப்ட்காரருக்குத் தெரிந்த ஒரே முறை லோடு டெஸ்ட். புது லிஃப்ட்டில் ஜனங்களை ஏற்றுவதற்கு முன் எடைக்கட்டிகளை அடுக்கிப் பார்ப்பார்கள். முதலில் கொஞ்சம், பிறகு முழுச் சுமை, அப்புறம் அதற்கு மேலும். தாங்கினால் பாஸ்.

முதல் ஆலோசகரிடம் சின்னக் கட்டியாக ஒன்றை வைத்தார். "என் மனைவி என்னோட ஸ்பேனரை இடம் மாத்தி வைக்கிறா."

"அவங்க பக்கத்துலருந்து யோசிச்சுப் பாத்தீங்களா?"

முதல் கட்டியிலேயே விழுந்துவிட்டார் என்று குறித்துக்கொண்டு லிஃப்ட்காரர் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" போட்டார். ஸ்பேனர் என்று ஆரம்பித்ததுமே அவர் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டில் தனக்கு நடக்கும் அநியாயங்களை முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தார். லிஃப்ட்காரர் அவருக்கு ஆறுதல் சொல்லி, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, மனசைத் தேற்றிவிட்டு வீடு திரும்பினார்.

"ரெண்டும் தேறலையா? அப்போ அந்த அம்மாவையே பாத்துடலாம்" என்றாள் மனைவி.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றார் அவசரமாக.

மூன்றாமவருக்கு ஆறாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பதே இவர்தான். படியேறிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது கதவு திறந்தது. கனத்த உடம்பு, அடர்ந்த மீசை. பார்த்ததுமே நம்ம ஆள் என்று தோன்றியது.

"லிஃப்ட் ரிப்பேரா?" என்றார் ஆலோசகர்.

"சே, சே. போன வியாழக்கிழமைதான் நான் சர்வீஸ் பண்ணேன். அருமையா ஓடுது."

"அப்புறம் ஏன் படியேறி வந்தீங்க?"

லிஃப்ட்காரரிடம் பதில்களுக்குப் பஞ்சமில்லை. உடம்பு, எடை, கொழுப்பு என்று நாலு மாதமாக வரிசையாக வைத்திருந்தார். ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருக்கிறது. அது அப்போது அவரிடம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். ஸ்பேனர் கதையை விட்டுவிட்டு, கனமான கட்டியையே வைத்துப் பார்ப்போம் என்று துணிந்தார்.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்ல ஏறப் பயப்படறாரு."

"அவருக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"ராத்திரில கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றார் லிஃப்ட்காரர்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. அதுதான் இவரை உடைத்துவிட்டது. இருட்டு, போன், அந்த ஐந்து நிமிஷம், மூடிய கதவைக் கண்டாலே வியர்ப்பது என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். ஆண்பிள்ளை முன்னால் ஆண்பிள்ளை அழுதும் கூரை இடிந்து விழவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஆள் பரவால்ல. ஆனா ஒரு தடவைல முடிவு பண்ண முடியாது. இன்னும் சோதிக்கணும்" என்றார்.

"அவசரப்படாதீங்க" என்றாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோதனை வாரா வாரம் நடந்தது. முதலில் திறந்திருந்த லிஃப்ட்டுக்குள் சும்மா நின்றார். அடுத்த வாரம் கதவை மூடித் திறந்தார். மூன்றாவது வாரம் ஒரே ஒரு மாடி, ஆலோசகரும் கூட வந்தார். இறங்கியதும் லிஃப்ட்காரர் விடைகூடச் சொல்லாமல் படிக்கட்டைப் பார்த்து ஓடினார். வீட்டுக்கு வந்து, "அந்த ஆளும் சரியில்லை. இனிமே போக மாட்டேன்" என்றார்.

"அப்பாடா. நாளைக்கே அந்த அம்மாகிட்ட நேரம் வாங்கிடறேன்."

மறு வாரம் மனுஷன் குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே ஆறாவது மாடியில் இருந்தார்.

அந்த ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவனும் மனைவியும் காய்கறிப் பையோடு வீடு திரும்பினார்கள். அவள் வழக்கம்போல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். லிஃப்ட்காரர் பட்டனை அழுத்தினார். இரண்டு பேரும் ஏறினார்கள். கதவு மூடியது. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியையும் வாய்க்குள் எண்ணினார். மூன்றைத் தாண்டும்போது சொன்னார்:

"நாலஞ்சு மாசமா பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"பாத்ரூம் கதவைத் திறந்து வச்சுட்டுக் குளிக்கிறீங்க. தைலம் பாட்டில் பாட்டிலாத் தீருது. யாராவது வந்து சொல்லணுமா?"

ஐந்தாவது மாடி வந்தது. அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவருக்கு அந்த நிமிஷம் அவள்மேல் ஏற்பட்ட பிரியத்தை அளக்க எந்த எடைக்கட்டியும் போதாது.

வீட்டுக்குள் வந்ததும் குடும்பத் தலைவர் தோரணை திரும்பிவிட்டது.

"நல்லாச் சோதிச்சுட்டேன். ஆள் தேறிட்டாரு. அடுத்த வாரத்துலருந்து உன் கோவத்துக்கு நீயும் வா."

"எனக்கு என்ன கோவம்?"

"நீதானே சொன்ன?"

"நான் எதுக்குங்க? உங்க பேர்லதான் அவர்கிட்ட முதல்லயே பதிஞ்சு வச்சேன். இன்னும் ரெண்டு தடவை வந்தாப் போதும்னாரு."

லிஃப்ட்காரர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ மொத ரெண்டு பேரு?"

"கடையில பொருந்தாத பிரேம் ரெண்டைக் காட்டிட்டுத்தான் பொருந்தறதைக் காட்டுவேன். அப்பதான் தானே தேர்ந்தெடுத்த திருப்தி வரும்."

"பொம்பளைதான் வேணும்னு அவ்ளோ அடம் புடிச்சியே."

"அடம் புடிக்கலைன்னா நீங்க ஆம்பளையைத் தேடிப் போயிருப்பீங்களா? பொம்பளைகிட்ட போயிருந்தா வீரம் பேசிட்டு வந்திருப்பீங்க."

அவள் காய்கறிகளைக் கூடையில் போட்டாள். பிறகு கரிசனமாகச் சொன்னாள்:

"நாளைக்கு அந்த இருபத்தஞ்சு மாடிக்கு நீங்க போக வேணாங்க. உங்களால முடியாது. வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க."

"யார் சொன்னது முடியாதுன்னு?"

லிஃப்ட்காரர் விருட்டென்று எழுந்து, இஸ்திரிப் பெட்டியை எடுத்து, நாளைக்குப் போட வேண்டிய சீருடையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குத் திருப்பும்போதுதான் இதுவும் அவள் வேலைதான் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் தன்னுடைய துணிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போயிருந்தாள்.