கீழ்வீட்டுக்காரர்

தரைக்கு அடியிலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் வந்ததும், குமாஸ்தா தூக்கிய வலது காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரம் கொக்கு மாதிரி நின்றுவிட்டு மெல்ல ஊன்றினார். நின்ற இடத்திலேயே இன்னும் நாலு எட்டு ஓடிப் பார்த்தார்.

டொக், டொக், டொக்.

"மன்னிச்சுக்குங்க," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஆபீஸை விட்டுக் கிளம்பியதற்குப் பிறகு அன்று அவர் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் பார்க்கிற வேலை அவருக்கு. ஊரில் யார் எங்கே வழுக்கி விழுந்தாலும் அவர் மேஜைக்கு வந்துவிடும். அவர் மட்டும் மேஜையை விட்டு நகரமாட்டார். போன மாதம் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நீங்க நாற்காலியில உட்காரலை, நாற்காலிதான் உங்க மேல உட்கார்ந்திருக்கு. ஓடுங்க," என்று சொல்லிவிட்டார்.

தெருவில் ஓட வெட்கம். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று ஓடினார். ஒண்டிக்கட்டை. மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. லிஃப்டில் ஏறினால் நேராக மூன்றாம் மாடி, இறங்கினால் நேராகத் தெரு. இரண்டாம் மாடி எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"மாடு மாதிரி குதிச்சா கீழ இருக்கறவங்க என்னடா பண்ணுவாங்க?" என்றாள் அக்கா போனில். "யாரு இருக்காங்க கீழ?"

"தெரியலக்கா. கோபக்காரர்னு மட்டும் தெரியுது."

"நேர்ல போய்ப் பேசேன்."

"முகத்தைப் பார்த்தா சண்டையாயிடும்க்கா. இப்படியே இருக்கட்டும்."

மறுநாள் ஷூ கடைக்குப் போனார். கடைக்காரர், விரல் விரலாகப் பிரிந்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். அடிப்பாகம் அப்பளம் போல மெல்லிசு.

"குதிகால் தரையில படக்கூடாது சார். முன்பாதத்துல சின்னச் சின்ன எட்டா வெச்சு ஓடணும். வெறுங்கால்ல ஓடற மாதிரியே இருக்கும்."

"அப்போ வெறுங்கால்லயே ஓடிடலாமே?"

"ஓடலாம் சார். நாங்க எதை விக்கறது?"

அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டு வாங்கிவந்தார். மாட்டிக்கொண்டதும் அவருடைய பாதங்கள் இரண்டும் தவளையுடையதைப் போல இருந்தன. ஆனால் ஓடினால் சத்தமே இல்லை. பூனை தோற்றுவிடும். அவருடைய காலடி அடங்கிப்போனதில், கீழே இருப்பவரின் கோபம்தான் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

டொக், டொக், டொக், டொக்.

மெத்தையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஓடினார். முதல் சில எட்டுகள் மேகத்தில் நடப்பது போலிருந்தன. அப்புறம் மெத்தை ஒரு பக்கமாகப் போக, அவர் இன்னொரு பக்கமாகப் போனார். பிடிக்கக் கிடைத்தது ஜன்னல் திரை. திரை, திரையின் கம்பி, சுவர்க்கடிகாரம் எல்லாம் அவரோடு தரைக்கு வந்தன. தன் கேஸைத் தானே விசாரித்திருந்தால் நிராகரித்திருப்பார்.

கீழே ஒரு பெரிய 'டம்'.

"போதும்ங்க, புரிஞ்சுடுச்சு," என்றார் குமாஸ்தா, படுத்தபடியே.

வீடு சரிப்படாது, ஆபீஸிலேயே ஓடிவிடலாம் என்று முடிவு செய்தார். மேஜைக்குப் பின்னால் நின்றபடி, இடுப்புக்கு மேலே அசையாமல், இடுப்புக்குக் கீழே ஓடினார். போனில் ஒரு பெரியவர் மாடிப்படியில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க... ம்... எந்தப் படி... ம்... அப்புறம்?"

"ஐயா, உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குதே. என்னைவிட நீங்கதான் மோசமா இருக்கற மாதிரி தெரியுது. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க," என்றார் குமாஸ்தா. மேஜைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்றுதான் சொன்னார். சொன்ன பிறகு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த நேரம் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா, கீழே விழுந்த பேனாவைத் தேடிக் குனிந்தாள். மேஜைக்கு அடியில் இரண்டு தவளைக் கால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் போட்ட கூச்சலில் மாடியே எழுந்து நின்றது.

மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"கீழ்வீட்ல சார்."

மேனேஜருக்குப் புரியவில்லை. ஒரு வாரம் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

லீவில் பகல் முழுவதும் வீட்டில் இருந்தார். நடுப்பகலில் ஓடிப் பார்த்தார், சத்தம் இல்லை. வேலைக்குப் போகிறவர் போலிருக்கிறது, பாவம், நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டார். யாரும் போன் செய்யவில்லை. சாயங்காலம் அவர் கால் தூக்கியதும் 'டொக்' என்றது. குமாஸ்தாவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார்.

டொக்.

அன்றிலிருந்து ஓட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. லீவு முடிந்து ஆபீஸ் போனபோதும், சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வரத் தோன்றியது. ஓடிக்கொண்டே அன்றைய கதையைச் சொல்வார்.

"இன்னைக்கு ஒருத்தர் ஏணியிலேர்ந்து விழுந்துட்டு, தப்பு ஏணி மேலதான்னு எழுதியிருக்கார்."

டொக், டொக்.

"அதையேதான் நானும் சொன்னேன்."

தொப்பை குறைந்தது. தூக்கம் வந்தது. டாக்டர், "எப்படிங்க விடாம ஓடறீங்க?" என்று கேட்டதற்கு, "துணை இருக்கு சார்," என்றார்.

ஒரு சாயங்காலம் சத்தம் வரவில்லை.

வழக்கம்போல ஓடினார். காத்திருந்தார். குதிகாலால் மிதித்தார். பழைய கனமான ஷூவைப் போட்டுக்கொண்டு குதித்தார். மேல்மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். கீழே இருந்து மூச்சில்லை.

அவர் பார்க்கிற மனுக்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்தவர், தனியாக இருப்பவர், யாரும் கவனிக்கவில்லை. குமாஸ்தா வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் இரண்டாம் மாடிக்குப் படிகளில் இறங்கி ஓடினார். பெல் அடித்தார், கதவைத் தட்டினார், பிறகு தோளால் இடித்தார்.

"சார், என்னங்க பண்றீங்க?" வாட்ச்மேன் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஸ்பானரும் கையுமாக ஒரு பிளம்பர்.

"கதவை உடைங்க. உள்ள அவர் விழுந்து கிடக்கார். தினமும் இந்த நேரத்துக்குப் பதில் சொல்லிடுவார்."

"யாரு சார்?"

குமாஸ்தாவுக்குப் பெயர் தெரியவில்லை. "எனக்கு ரொம்ப வேண்டியவர்," என்றார்.

வாட்ச்மேன் பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்த வீடு ரெண்டு வருஷமா பூட்டித்தான் சார் கிடக்கு. சாயங்காலம் மோட்டார் போட்டா தண்ணிக் குழாய் ஆடி உள்சுவத்துல இடிக்கும், மத்தியானம்தான் சாவி வாங்கி உள்ள போய் நல்லா இறுக்கி விட்டேன். இனிமே ஒரு சத்தமும் வராது, நீங்க நிம்மதியா இருக்கலாம்."