சாப்பிட்டாச்சா என்று கேட்ட குளம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அன்று காலை கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரையும் விட்டுவிட்டேன் என்ற பேச்சு வரக் கூடாது. தவளைகள் நான்கு. அவற்றில் இரண்டு கணவன் மனைவி, மற்ற இரண்டும் மனைவியின் தம்பிகள். நண்டுகள் இரண்டு. ஆட்காட்டிக் குருவி ஒன்று. கொக்கு ஒன்று. ஆமை ஒன்று, அது நான். ஆக ஒன்பது. தாக்கல் கொண்டுவந்த காகமும் இருந்தது. ஆனால் அது குளத்தைச் சேர்ந்தது இல்லை, சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. அதைச் சேர்க்கவில்லை.

அது சொன்ன சேதி இதுதான். இந்தக் கோடையில் எல்லாக் குளத்துக்கும் ஓடைத் தண்ணீர் கிடைக்காது. இணையதளம் உள்ள குளத்துக்குத்தான் மடை திறப்பார்கள். தளத்துக்கு நிறையப் பேர் வந்துபோக வேண்டும். பங்குனிக் கடைசியில் அதிகாரி வந்து பார்ப்பார்.

அப்போதே குளத்தின் நடுவில் போய் நின்றாலும் என் முதுகு நனையாது. மடை திறக்காவிட்டால் சித்திரையில் நாங்கள் எல்லோரும் வேறு இடம் பார்க்க வேண்டும். மற்றவர்களாவது தாவுவார்கள், பறப்பார்கள். நான் வேறு குளத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தக் குளமும் வற்றிவிடும்.

"இணையதளம்னா என்னண்ணே?" என்று பெண் தவளை என்னிடம் கேட்டது.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். நான் ஆழ்ந்து யோசிக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். என் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இப்படி வந்ததுதான்.

விவரம் தெரிந்தது நரிக்குத்தான். பழைய மடிக்கணினி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அது வந்தது. "நான் போட்டுத் தர்றேன். மென்பொருள் இலவசம். எனக்கும் ஒண்ணும் வேண்டாம்" என்றது.



"ஒண்ணும் வேண்டாமா?" என்றது கொக்கு.

"வேண்டாம்."

"அப்ப எங்கள்ல யாரைத் தின்னப்போற?"

நரி பெருமூச்சு விட்டது. "எங்க வம்சத்துப் பேரை அப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க. கொக்கண்ணே, இதை எழுதினவங்க எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்காங்க. யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"ரிப்பேர் ஆனா யார்கிட்டக் கேக்கிறது?"

"உலகத்துல யார்கிட்ட வேணா கேக்கலாம்."

"ஒருத்தரும் பொறுப்பில்லைங்கிறதை இவ்வளவு மரியாதையா நான் கேட்டதே இல்ல" என்றது கொக்கு.

நரி பொய் சொல்லவில்லை. கதை முடியும் வரைக்கும் அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

நரியின் செல்போனைக் கொக்கு அலகில் கவ்விக்கொண்டு மருத மரத்து உச்சியில் நின்றால்தான் சிக்னல் கிடைத்தது. அதனால் தளத்தின் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொக்கால் வாய் திறக்க முடியவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். தோற்றங்களும் இலவசம் என்று நரி சொல்லியிருக்கக் கூடாது. படம் ஓட வேண்டும் என்றன தம்பித் தவளைகள். எல்லாம் பக்கவாட்டில் நகர வேண்டும் என்றன நண்டுகள். ஆட்காட்டி, யார் உள்ளே வந்தாலும் மணி அடிக்க வேண்டும் என்றது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, சண்டை போட்டு, கடைசியில் நரி முதலில் காட்டிய தோற்றத்துக்கே வந்து சேர்ந்தோம். மரத்தில் இருந்து இறங்கிய கொக்குக்குத் தாடை இரண்டு நாள் மூடவில்லை.

அடுத்தது கடவுச்சொல். 'குளம்' என்று வைத்தோம். மறக்காமல் இருக்கத் தவளைகள் நான்கும் அதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். நரி தலையில் அடித்துக்கொண்டு, குறியும் எண்ணும் கலந்த நீளமான கடவுச்சொல் ஒன்றை வைத்தது. அதைத் தவளைத் தொண்டையால் கத்த முடியாது. நான் ஒருவன்தான் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அதனால் நானே தளத்தின் நிர்வாகி ஆனேன். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

தளத்தைத் திறந்தால் ஒரு பதிவு ஏற்கனவே அதில் உட்கார்ந்திருந்தது. 'வணக்கம். இது மாதிரிப் பதிவு. இதை நீக்கிவிட்டு எழுதத் தொடங்கவும்.'

"நீக்கிடுங்க" என்றது நரி.

"நீக்கிறதா? நமக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு தம்பி" என்றது பெண் தவளை.

எங்கள் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வந்தவரை விரட்டக் கூடாது. வாங்க என்று கேட்காமல் விடவும் கூடாது. புலி வந்தாலும், நடுங்கிக்கொண்டேயாவது, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குள் குதிப்போம். ஆகையால் மாதிரிப் பதிவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே நான் எழுத ஆரம்பித்தேன். 'இன்று நீர்மட்டம்: என் முன்னங்கால் முட்டி வரை.' மறுநாள், 'இன்று நீர்மட்டம்: முட்டிக்கு ஒரு விரல் கீழே.' எனக்கு எழுத வருவது அவ்வளவுதான்.

யாராவது படித்தார்களா என்று பார்க்க நான் தளத்துக்குள் போவேன். வந்தவர் எண்ணிக்கை ஒன்று என்று காட்டும். சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த ஒன்று நானே என்று புரியும். கழித்துவிடுவேன். சரிதானா என்று பார்க்கத் திரும்பப் போவேன். இரண்டு என்று காட்டும்.

அப்படி இருக்கும்போது மாதிரிப் பதிவுக்கு அடியில் ஒரு கருத்து வந்தது.

'அருமையான பதிவு! மிகவும் பயனுள்ள தகவல். வழுக்கையில் முடி வளர எங்கள் எண்ணெயை வாங்கிப் பயன்பெறுங்கள். இப்படிக்கு, லில்லி 4482.'

குளமே துள்ளியது. தம்பித் தவளைகள் அதை ஏழு முறை படிக்கச் சொல்லிக் கேட்டன.

"லில்லியா! யாரு பெத்த பிள்ளையோ, நம்ம குளத்தைத் தேடி வந்திருக்கு" என்றது பெண் தவளை. "பதில் எழுதுங்கண்ணே. வந்தவங்களைக் கேக்காம விடலாமா?"

எழுதினேன். 'வாங்க லில்லி. எந்த ஊர்? சாப்பிட்டாச்சா?'

லில்லி பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் லில்லி 4483 வந்தாள். பிறகு மூட்டுவலி மருந்து, ஐந்து நிமிடத்தில் கடன், வீட்டிலிருந்தே வருமானம், உங்கள் தளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று வரிசையாக வந்தார்கள். எல்லோரும் மாதிரிப் பதிவைத்தான் பாராட்டினார்கள். என் நீர்மட்டத்தை ஒருவரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் வாங்க, எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று எழுதினேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டலாம் என்று நரி காட்டிக் கொடுத்தது. அது மரியாதை இல்லை என்று பட்டதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே எழுதினேன். என் விரலை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு 'சா' போட இரண்டு மூச்சு பிடிக்கும்.

"இந்தக் கடன்காரத் தம்பிக்கு என்ன கஷ்டமோ" என்று கவலைப்பட்டது பெண் தவளை. "முப்பது தடவை வந்துட்டான். மனசுல ஏதோ இருக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கிறான்."

"அக்கா, அது ஆளே இல்ல" என்றது நரி. "இயந்திரம் எறியுது. தடுக்கிறதுக்கு ஒரு வடிகட்டி இருக்கு. அதுவும் இலவசம்தான். போட்டுறட்டுமா?"

"போடு" என்றது கொக்கு உடனே. "கரைச் சேத்துல ஒரு கால் தடம்கூட இல்ல. யாரு வந்தா இங்க?"

மற்ற ஏழும் கூடாது என்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேற்றில் தடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். தினமும் எண்ணுகிறவன் நான். ஆனால் அன்று நீர்மட்டம் என் நகம் வரைதான் இருந்தது.

"அதிகாரி வந்துட்டுப் போகட்டும்" என்றேன். சொல்லிவிட்டு ஓட்டுக்குள் போய்விட்டேன்.

அதிகாரி வந்தார். மயில். அதிகாரி என்பதால் அவருக்கு மட்டும் 'ஆர்' போட்டு எழுதுகிறேன். குளத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை. தோகை சேறாகிவிடும் என்று வரப்பிலேயே நின்றபடி கணினியைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஒரு அறுநூறு பேர் வந்திருப்பாங்களா?"

"அறுநூற்றுப் பதிமூணுங்க ஐயா" என்றேன். எண்ணில் தப்பு வந்தால் எனக்குப் பொறுக்காது.

"ஒருத்தர்கூடக் குறை சொல்லலையா?"

"எல்லாம் பாராட்டுத்தாங்க ஐயா."

"பிரமாதம்! இந்தக் காட்டிலேயே இதுதான்யா குளம்." மடையைத் திறக்க அங்கேயே உத்தரவு போட்டார். தவளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்தன. நண்டுகள் நேராக நடந்தன. மயில் கை காட்டி அடக்கினார்.

"இன்னொரு உத்தரவும் இருக்கு. இவ்வளவு பேர் வர்ற இடத்துல நீங்க குடியிருந்தா விருந்தாளிகளுக்கு இடைஞ்சல். நாளைக்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்குழிக்குப் போயிருங்க. இனிமே இது சுற்றுலாக் குளம்."

கொக்குதான் முன்னால் போய் நின்றது. "ஐயா, அப்படி யாருமே வரலைங்க. அந்த லில்லியெல்லாம் ஆளே கிடையாது. இயந்திரம்."

"இயந்திரமா?" மயில் திரையைக் கொக்கின் பக்கம் திருப்பினார். "இங்க பாரு. வாங்க லில்லி, சாப்பிட்டாச்சா. வாங்க தம்பி, சாப்பிட்டாச்சா. அறுநூத்திப் பதிமூணு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. இல்லாதவங்களையா சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்க?"

கொக்கு என்னைப் பார்த்தது. வெட்டி ஒட்டியிருந்தாலாவது இயந்திரத்துக்கு இயந்திரம் பதில் சொல்லியது என்று வாதாடியிருக்கலாம். நானோ ஓரிடத்தில் 'லில்லி, வெயில் ஏறுது, பார்த்துப் போங்க' என்றுகூட எழுதியிருந்தேன்.

"நிர்வாகி மட்டும் இருக்கட்டும். விருந்தாளிங்களைக் கவனிக்க ஆள் வேணும்" என்று முடித்தார் மயில்.

தண்ணீர் வந்தது. என் முதுகுக்கு மேல் இரண்டு முழம். இத்தனை தண்ணீரில் நான் நீந்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. நீந்தினேன். ஒரு சத்தமும் இல்லாத குளத்தில் நீந்துவது கிணற்றுக்குள் விழுந்து கிடப்பது போல இருந்தது.

குளத்தைச் சுற்றி வேலி போட்டு, விருந்தாளிகளுக்கு விதி எழுதி ஒட்டியிருந்தார்கள். தளத்தில் கருத்து எழுதுகிறவர் காலையில் வந்து பொழுது சாயும் வரை குளத்தில் இருக்கலாம். ஆட்காட்டிதான் அதை முதலில் படித்தது. கல்குழிக்குப் பறந்து போய்ச் சொன்னது. நரி இரக்கப்பட்டு எல்லோரையும் கணினிக்கு முன் உட்கார வைத்தது.

பெண் தவளை இப்படி எழுதியது: 'நான் இந்தக் குளத்திலேயே பிறந்தவள். என் முட்டைகளும் இங்கேதான் இருக்கின்றன. தயவுசெய்து விடவும்.'

இப்போது தளத்தில் வடிகட்டி இருந்தது. இவ்வளவு பெரிய தளத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மயில் போடச் சொல்லியிருந்தார். நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கவும், போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடவும் என்று அது கேட்டது. தவளை எங்கே போய்ப் போக்குவரத்து விளக்கைப் பார்த்தது? மின்மினி என்று நினைத்து எல்லாவற்றையும் நாக்கால் தொட்டது. 'சந்தேகத்துக்கு உரியவர்' என்று வந்தது. அதே நேரத்தில் லில்லி 5120 ஒரே தொடலில் உள்ளே போனாள்.

வேலி ஓரத்தில் வந்து நின்றது பெண் தவளை. "அண்ணே, எப்படி எழுதினா உள்ள விடும்?"

நிர்வாகி என்ற முறையில் நான் யோசித்தேன். இந்த முறை தலையை வெளியே வைத்துக்கொண்டே யோசித்தேன்.

"பிறந்ததெல்லாம் எழுதாதீங்கம்மா. ஏதாவது விக்க வந்த மாதிரி எழுதுங்க."

அது எழுதியது. 'அருமையான குளம்! தவளைத் தோல் பளபளக்க எங்கள் களிம்பை வாங்கவும்.' வடிகட்டி படம் எதுவும் கேட்காமல் திறந்துவிட்டது. அன்று மாலைக்குள் மூட்டுவலித் தைலமாக இரண்டு நண்டுகளும், கடன் கொடுக்கிறவர்களாக மூன்று ஆண் தவளைகளும், காவல் கருவியாக ஆட்காட்டியும் உள்ளே வந்தன. முட்டைகள் பத்திரமாக இருந்தன. தினமும் பொழுது சாய்ந்ததும் ஏழு பேரும் கல்குழிக்குப் போய், விடிந்ததும் வியாபாரிகளாகத் திரும்பி வருகின்றன. குளத்தில் பழையபடி சத்தம்.

கொக்கு மட்டும் எழுதவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நிற்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன்.

"என் குளத்துக்கு நான் எண்ணெய் விக்க வரணுமா? போய்யா" என்றது.

நீதி: வராதவரை எண்ணிக் காட்டினால் குளம் நிறையும். இருப்பவர் எதையாவது விற்க வந்ததாகச் சொன்னால் அதில் குளிக்கலாம்.

மீதி: ஒன்று.